ஒவ்வாமைக்கு மதுவம் உதவுமா? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குப் பாமசியில் வாங்கும் மதுவத் (ஈஸ்ட்) தூளைப் பீனிசத்துக்கும் தொய்வுக்கும் எடுக்கலாமா என்ற கேள்வி இப்போது இரு மாவட்டங்களிலும் பரவலாகக் கேட்கிறது. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அனுப்பும் போத்தல்களும் கைபேசிக் குழுக்களில் சுற்றும் செய்திகளும் அதற்குக் காரணம். அந்தப் பொருள் எது, அதைப் பற்றி எவ்வளவு தெரியவந்திருக்கிறது, யாருக்கு அது ஆபத்தாகலாம் என்பவற்றை இங்கே விளக்குகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தொய்வுக்கு இழுக்கும் பம்மையோ, மூக்குக்கு அடிக்கும் ஸ்பிறேயையோ மதுவத்தை நம்பி நிறுத்தாதீர்கள்.

புரோபயோட்டிக் மதுவம் என்பது பாணுக்குப் போடும் ஈஸ்ட்தானா?

புரோபயோட்டிக் என்பது உடல்நலத்துக்காக உயிரோடு உட்கொள்ளும் நுண்ணங்கி. அந்த மதுவத்துக்கும் பாண் ஈஸ்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பேக்கரியில் மாவைப் பொங்கச் செய்வது சக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் மதுவம். மருந்தாக விற்கப்படுவது சக்கரோமைசிஸ் பூலார்டி. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபின், பின்னது முன்னதன் ஒரு வகையே என்று அறிவியலாளர் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயினும் குணத்தில் வேறுபாடு உண்டு: பூலார்டி நமது உடல் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசில் நன்றாக வளரும், இரைப்பையின் அமிலத்தையும் ஓரளவு தாங்கும். 1920களில் இந்தோசீனாவில் வாந்திபேதி பரவியபோது, அங்குள்ளவர்கள் லிச்சி, மங்குஸ்தான் பழங்களின் தோலை மருந்தாகப் பயன்படுத்துவதைக் கண்ட பிரெஞ்சு அறிவியலாளர் ஹென்றி பூலார் அதிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவருடைய பெயரே இதற்கும் நிலைத்தது.

சந்தையில் மூன்றாவது ஒன்றும் உண்டு. மதுவத்தை வளர்த்து, அது நொதித்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்திய தூளில் உயிருள்ள கலங்கள் இரா. மதுவத்தின் சுவரிலிருந்து பிரித்தெடுக்கும் பீற்றா குளுக்கன் என்னும் பொருளும் அப்படித்தான். உயிரற்ற இவற்றைப் புரோபயோட்டிக் என்று சொல்வது சரியல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது இதுதான் முக்கியமாகப் போகிறது.

வயிற்றுக்குள் போகும் பொருள் மூக்கடைப்பை எப்படிக் குறைக்க முடியும்?

ஒவ்வாமை என்பது நோயெதிர்ப்புத் தொகுதி தவறான எதிரியோடு போரிடுவது. வீட்டுத் தூசியிலுள்ள உண்ணியின் கழிவையோ இறாலின் ஒரு புரதத்தையோ அது ஆபத்தான பொருளென எடுத்துக்கொண்டு ஐ.ஜீ.ஈ. என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்திருக்கும். அதே பொருள் மறுபடி உள்ளே வந்தவுடன், ஐ.ஜீ.ஈ. ஒட்டியிருக்கும் மாஸ்ற் என்னும் நோயெதிர்ப்புக் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனப் பொருளைக் கொட்டுகின்றன. தும்மல், மூக்கால் நீர் வடிதல், கண் அரிப்பு, காணாக்கடி எல்லாம் அதன் விளைவே.

உடலின் நோயெதிர்ப்புக் கலங்களில் பெரும் பங்கு குடற்சுவரை அண்டியே இருக்கின்றன. எதை எதிர்ப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது என்ற பழக்கத்தை அவை அங்கே வாழும் நுண்ணங்கிகளோடு பழகியே பெறுகின்றன. ஆகவே குடலில் ஒரு நுண்ணங்கியைச் சேர்த்தால் அந்தப் பழக்கத்தைச் சற்றுத் திருப்ப முடியும் என்பது எதிர்பார்ப்பு. வெறும் கற்பனை என்று அதைத் தள்ளவும் முடியாது. பூலார்டி கொடுத்த எலிகளின் குடலில், சளிப்படலத்தைக் காக்கும் ஐ.ஜீ.ஏ. என்னும் பிறபொருளெதிரி கூடியதை 1990ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் காட்டியுள்ளனர். பிரேசிலில் கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் கஷாசா என்ற மதுபானத்திலிருந்து பிரித்த ஒரு மதுவத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, தொய்வு போன்ற சுவாசக்குழாய் அழற்சி குறைந்தது. ஆனால் அந்த எலிகள் ஆய்வுகூடத்தில் ஒரே உணவில், ஒரே வயதில் வளர்க்கப்பட்டு, ஒரே புரதத்தால் ஒவ்வாமை ஊட்டப்பட்டவை. வவுணதீவில் நெல் தூற்றிவிட்டு வந்து இரவு முழுவதும் தும்முகிற மனிதரின் உடம்பைப் பற்றி அவை சொல்வது கொஞ்சமே.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் என்ன காட்டுகின்றன?

இங்கேதான் விற்பனை விளம்பரங்கள் மேற்சொன்ன வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. ஒவ்வாமைக்கும் மதுவத்துக்கும் தொடர்பு காட்ட அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2009இல் வெளியானது. மகரந்த ஒவ்வாமை உள்ள 96 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு உலர்த்திய மதுவ நொதிப்புத் தூள் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமும், மறு குழுவுக்குப் பார்வைக்கு அதைப் போன்ற வெற்று மருந்தும் 12 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. மகரந்தம் மிகுந்திருந்த காலத்தில், தூளை எடுத்தவர்களுக்கு மூக்கடைப்பும் மூக்கால் வடிதலும் குறைவாக இருந்தன. கண்ணின் தொல்லையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

இது நல்ல முறையில் வடிவமைக்கப்பட்ட ஆய்வுதான். இருந்தாலும் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்டது உயிரற்ற தூள். பாமசியில் நாம் வாங்கும் பூலார்டி அன்று. ஆய்வுக்கு நிதி கொடுத்தது அந்தத் தூளைத் தயாரிப்பவர்களின் பக்கமே. அதைவிட நமக்கு முக்கியமானது, அங்கே பார்க்கப்பட்டது சில வாரங்கள் வந்துபோகும் மகரந்தக் காலத்து ஒவ்வாமை. கரையோர மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் மூக்கைத் தொல்லைப்படுத்துபவற்றில் முதலிடம் வீட்டுத் தூசி உண்ணிக்கே. அது ஆண்டு முழுவதும் மெத்தைக்குள்ளேயே இருக்கிறது.

பீற்றா குளுக்கனைக் கொண்டும் அமெரிக்காவில் 48 பேரிடம் நான்கு வாரங்களுக்கு ஓர் ஆய்வு நடந்தது. அங்கும் அறிகுறிகள் குறைந்ததாகவே முடிவு. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் தங்களுக்கு ரக்வீட் என்ற களையின் மகரந்தம் ஒவ்வாதென்று தாமே சொன்னவர்கள். குழு சிறியது, காலமும் குறுகியது.

உயிருள்ள பூலார்டிக்கு வலுவான ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் திடீர் வயிற்றோட்டத்தைச் சற்று விரைவாக நிறுத்துவதிலும், அன்டிபயோட்டிக் எடுப்பதால் வரும் வயிற்றோட்டத்தைத் தடுப்பதிலும் அதற்குப் பல ஆய்வுகளின் துணை உண்டு. வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பதும் அதற்காகவே. பீனிசத்துக்கு அதை எடுப்பவர், ஒரு நோய்க்குக் கிடைத்த நற்பெயரை இன்னொரு நோய்க்குக் கடன் வாங்குகிறார் என்பதே எமது கணிப்பு.

பக்டீரியா புரோபயோட்டிக்குகளின் நிலை இதைவிட மேலா?

ஆய்வுகளின் எண்ணிக்கையில் மேல். உறுதியில் அவ்வளவு மேல் இல்லை. 2001இல் பின்லாந்தில், ஒவ்வாமைக் குடும்பங்களைச் சேர்ந்த தாய்மாருக்குப் பேறுகாலத்தின் இறுதியிலும் குழந்தை பிறந்தபின் சில மாதங்களும் லக்டோபசிலஸ் வகையொன்றைக் கொடுத்தபோது, குழந்தைகளுக்குக் கரப்பான் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. பிற நாடுகளில் திரும்பச் செய்தபோது எல்லாருக்கும் அதே பலன் கிடைக்கவில்லை. உலக ஒவ்வாமை அமைப்பு 2015இல், ஒவ்வாமை வரக்கூடிய குடும்பங்களில் தாய்மார் எடுக்கலாம் என்று பரிந்துரைத்தபோதே, அதற்கான ஆதாரம் மிகத் தாழ்ந்த தரத்தது என்றும் எழுதியது. ஏற்கெனவே வந்துவிட்ட கரப்பானுக்குப் புரோபயோட்டிக் கொடுப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பது, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வின் முடிவு. மூக்கு ஒவ்வாமையில் சில பக்டீரியா வகைகள் சிறிது உதவுவதாகத் தெரிகிறது. ஒரு வகைக்குக் கிடைத்த பலனை இன்னொரு வகைக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. மதுவத்துக்கு ஏற்றிச் சொல்வது அதைவிடத் தவறு.

எருமைத் தயிரும் கள்ளப்பமும் சாப்பிடுகிற எங்களுக்குத் தனியாக மதுவம் எதற்கு?

இதை நகைச்சுவையாகவும் கேட்கிறார்கள், உண்மையாகவும் கேட்கிறார்கள். சட்டியில் உறையும் மட்டக்களப்பு எருமைத் தயிரைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லக்டிக் அமிலப் பக்டீரியா. மதுவமும் தற்செயலாக ஒட்டியிருக்கலாம்; எந்த வகை, எவ்வளவு என்பது சட்டிக்குச் சட்டி மாறும். அப்பத்துக்கு விடும் கள்ளில் உயிருள்ள மதுவம் ஏராளம். இரவு முழுவதும் மாவைப் பொங்கச் செய்வது அதுவே. ஆனால் அப்பச்சட்டியின் சூட்டில் அது இறந்துவிடும். பாணிலும் அதே கதை. தயிர் நல்ல உணவு, பால் ஒத்துக்கொள்கிறவர் தாராளமாகச் சாப்பிடலாம். அதை மருந்தின் அளவாகக் கணக்கிட முடியாது, அவ்வளவுதான்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புளித்த உணவுகளில் ஹிஸ்டமின் இயல்பாகவே சேர்கிறது. புளித்த தயிரோ கள்ளோ உட்கொண்டவுடன் முகம் சிவந்து மூக்கடைக்கிறவர், அவற்றை மருந்தென்று நினைத்துக் கூட்டாமல் விடுவதே நல்லது.

எந்த ஒவ்வாமைக்கு மதுவத்தை முயன்று பார்க்கலாம்? எதற்கு அறவே கூடாது?

முயன்று பார்ப்பதில் பெரிய தீங்கில்லை என்று சொல்லத்தக்கது மிதமான மூக்கு ஒவ்வாமை ஒன்றுதான்: காலையில் எழுந்தவுடன் தொடர்தும்மல், நீர்போல வடிதல், மூக்கரிப்பு, அடைப்பு. அதுவும் வழக்கமான மருந்தோடு சேர்த்து, உடலில் வேறு சிக்கல் இல்லாதவர் மட்டும்.

இறால், நண்டு, கணவாய், கச்சான் சாப்பிட்டு உதடு வீங்கியவரும், குளவி கொட்டி மயங்கியவரும் மதுவத்தால் தமக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று எண்ணவே கூடாது. அத்தகைய தாக்கத்துக்கு மருந்து தசைக்குள் ஏற்றும் அட்ரினலின் ஊசி. தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும். குளிசை தேடி நேரத்தைப் போக்கக் கூடாது. வாவியில் பிடித்த இறாலென்றால் ஒத்துக்கொள்ளும், கடலிறால்தான் ஒத்துக்கொள்ளாது என்று சிலர் சொல்வதுண்டு. ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் இரண்டிலும் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். சூரை மீன் ஒரு நாள் ஒத்துக்கொள்கிறது, இன்னொரு நாள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கிறது என்றால், அது பெரும்பாலும் ஒவ்வாமையே அன்று. ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த மீனில் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடுகின்றன. சமைத்தாலும் அது போகாது. ஒரே கறியைச் சாப்பிட்ட பலருக்கும் அப்படி வந்திருந்தால் காரணம் மீனின் பழுதே. இதற்கு மதுவம் எந்த வகையிலும் உதவாது.

தொய்வைப் பொறுத்தவரை, மூக்கும் சுவாசக்குழாயும் ஒரே பாதையின் இரு முனைகள் என்பதால் மூக்கு ஒவ்வாமையைக் கட்டுப்படுத்தினால் தொய்வும் ஓரளவு கட்டுப்படும் என்பது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டை மதுவம் தரும் என்பதற்கு மனிதரில் நம்பத்தக்க சான்று இல்லை.

முயன்று பார்ப்பதென்று முடிவு செய்தால் எவ்வளவு, எத்தனை நாள்?

பூலார்டிக்குப் பெரியவர்களின் வழக்கமான அளவு 250 மில்லிகிராம் கப்சியூல் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு. 250 மில்லிகிராமில் ஏறத்தாழ 500 கோடி கலங்கள் இருக்கும். இந்த அளவு வயிற்றோட்டத்துக்காக வகுக்கப்பட்டது. ஒவ்வாமைக்கென்று யாரும் அளவு வகுக்கவில்லை. நொதிப்புத் தூளென்றால் ஆய்வில் பயன்பட்ட 500 மில்லிகிராமே அளவுகோல்.

கப்சியூலைத் திறந்து பார்த்தால் உள்ளே வெளிர் மண்ணிறத் தூள் இருக்கும். முகர்ந்தால் பேக்கரி வாசலின் மணம். விழுங்க முடியாதவர் அதைத் தண்ணீரிலோ ஆறிய பாலிலோ கலந்து குடிக்கலாம். கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீயில் போட்டால் உயிருள்ள மதுவம் அப்போதே செத்துவிடும். 50 பாகைக்கு மேற்பட்ட எந்தப் பானமும் ஆகாது.

எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை பார்க்க வேண்டும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரங்கள், எதையும் மாற்றாமல், தும்மல், வடிதல், அடைப்பு, கண்ணரிப்பு ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி போட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். எந்தக் காலத்தில் தொடங்குகிறீர்கள் என்பதும் பெரிய விடயம். பெரும்போக அறுவடையில் நெற்தூசு பறக்கும் மாசி, பங்குனி மாதங்களில் தொடங்கி, வயல் வேலை முடிந்தபின் மூக்குத் திறந்துகொண்டால், அது மதுவத்தின் புண்ணியம் ஆகாது. வாடைக்காற்றோடு மழை பெய்து சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் கூடியது, வெயில் வந்தவுடன் தானே குறையலாம். கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும் மாதங்களில் திரும்பவும் கூடலாம். ஒவ்வாமை தானாகவே ஏறி இறங்குகிற நோய் என்பதால்தான், எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் சுகமானேன் என்று சாட்சி சொல்ல முடிகிறது.

யார் எடுக்கவே கூடாது?

உயிருள்ள மதுவம் என்பது உயிருள்ள ஒரு பங்கசு. சுகதேகிகளின் குடலை அது தாண்டாது. உடல் மிக நலிந்தவர்களில் குருதிக்குள் புகுந்து பங்கசுத் தொற்றை ஏற்படுத்திய நிகழ்வுகள் உலகில் பதிவாகியுள்ளன. சில உயிரிழப்பிலும் முடிந்துள்ளன. அதனால் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2017இல், கடும் நோய்வாய்ப்பட்டவர்களுக்கும் நோயெதிர்ப்புக் குன்றியவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாதென்று எச்சரிக்கையை வலுப்படுத்தியது. கழுத்திலோ மார்பிலோ உள்ள பெருநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு முன்பிருந்தே இது விலக்கு. அத்தகைய நோயாளியின் கட்டிலருகே கப்சியூலைத் திறப்பதுகூடத் தவறு: பறக்கும் தூளும் கையில் ஒட்டிய தூளும் குழாயின் வாய் வழியே உள்ளே போய்விடக்கூடும்.

நடைமுறையில், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்றம் செய்தவர், குழாய் வழியாக டயலிசிஸ் செய்பவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், குறைமாதக் குழந்தை ஆகியோர் இதைத் தொடக் கூடாது. சிறுநீரக நோயாளர் பலர் வாழும் அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளில் டயலிசிஸ் பற்றிய இந்த எச்சரிக்கைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தொய்வுக்காக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை நீண்ட நாள் எடுப்பவரும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பம் வழியாக இழுக்கும் வழக்கமான அளவு ஸ்டீரொயிட் இந்தக் கணக்கில் வராது.

மதுவமே ஒவ்வாமையைத் தருமா?

தரும், அரிதாக. பாணோ பியரோ உட்கொண்டு உடம்பு தடித்தவர், தமக்கு மதுவம் ஒவ்வாதா என்று பரிசோதித்துக்கொள்ளும்வரை இதைத் தவிர்க்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கடுமையான கரப்பான் உள்ள சிலருக்குத் தோலில் வாழும் மலசீசியா என்ற மதுவத்துக்கு எதிராக ஐ.ஜீ.ஈ. உருவாகியிருக்கும், அது சக்கரோமைசிசையும் அடையாளம் கண்டு தாக்கலாம். சில தயாரிப்புகளில் லக்டோசு சேர்க்கப்பட்டிருப்பதால், பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர் லேபலைப் பார்க்க வேண்டும். பொதுவான பக்கவிளைவுகள் வயிற்றுப் பொருமல், மலச்சிக்கல், தாகம்.

வேறு மருந்துகளோடு சேர்த்து எடுக்கலாமா?

பிரிட்டன் (Piriton), செட்டிரிசின், லொரட்டடின் போன்ற ஒவ்வாமைக் குளிசைகளோடும் மூக்கு ஸ்பிறேயோடும் எடுப்பதில் தடையில்லை. அன்டிபயோட்டிக்குகள் பக்டீரியாவை மட்டுமே கொல்வதால் மதுவத்தைப் பாதிக்க மாட்டா. பக்டீரியா புரோபயோட்டிக்குகளைவிட இது மேலானதாக இருக்கும் ஓரிடம் அதுவே. பங்கசு மருந்துகளோ இதைக் கொன்றுவிடும். தொய்வு நோயாளருக்கு இது வெறும் தகவலன்று: ஸ்டீரொயிட் பம் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களின் நாக்கில் பங்கசால் வெண்படலம் பிடித்து, நிஸ்டட்டின் சொட்டோ ஃபுளுகொனசோலோ எழுதப்படுவது அடிக்கடி நடக்கிறது. அந்த நாட்களில் மதுவத்தை எடுப்பது காசை வீணாக்குவது.

பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும்?

வயிற்றோட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு நாள் கொடுப்பது பிள்ளைகளில் நன்கு பழகிய முறை. உப்புச்சீனிக் கரைசலான ஜீவனியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஒவ்வாமைக்காக மாதக்கணக்கில் கொடுப்பது வேறு விடயம். அதைப் பிள்ளை நல வைத்தியர் சொன்னாலன்றிச் செய்ய வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கிளினிக்கில் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் வாயில் உலர்ந்த தூளைக் கொட்டக் கூடாது, புரைக்கேறிவிடும்.

கப்சியூல் ஹலாலா? மரக்கறி மட்டும் உண்பவர் எடுக்கலாமா? நோன்பு நாளில் எப்போது?

மதுவம் விலங்கன்று. உலர்த்திய தூளில் மது இல்லை. கேள்வி எழுவது கப்சியூலின் உறையால்: ஜெலற்றின் என்று இருந்தால் அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கும். தாவரச் செலுலோசு என்று குறிப்பிட்ட உறையும், உறையே இல்லாத தூள் பக்கற்றும் கிடைக்கின்றன. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ வாங்குபவருக்கும், கந்தசஷ்டிக்கு விரதம் பிடிப்பவருக்கும் தூள் பக்கற்றே தொல்லையற்றது. ரமழானில் ஸஹருக்கு ஒன்றும் இப்தாருக்குப்பின் ஒன்றுமாக எடுத்தால் போதும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வீட்டில் எங்கே வைப்பது?

லேபலில் முழுப் பெயர் இருக்க வேண்டும். வெறுமனே மதுவம் என்றோ புரோபயோட்டிக் கலவை என்றோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை கோடி உயிர்க்கலங்கள், அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கானதா முடிவுத் திகதி வரைக்குமானதா என்பதையும் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பொதியில் பதிவிலக்கம் இருப்பது நல்ல அடையாளம். பயணப்பெட்டியில் வந்த போத்தலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இழப்பில்லாமல் உறைநிலையில் உலர்த்திய வகைகள் அறை வெப்பநிலையைத் தாங்கும். சூட்டில் உலர்த்தியவை குளிரில் இருக்க வேண்டும். பொதியில் 25 பாகைக்குக் கீழ் வைக்கவும் என்று எழுதியிருந்தால், சித்திரை மாதத்து மட்டக்களப்பு வீட்டில் அந்த இடம் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். ஈரம் உறிஞ்சிக் கட்டியாகிப்போன தூளை எறிந்துவிடுங்கள்.

மதுவத்துக்குச் செலவிடும் காசில் வேறென்ன செய்யலாம்?

எம்மைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வோம். ஈரப்பதம் மிகுந்த நமது கரையில் தூசி உண்ணி பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகிறது. உறைகளை வாரம் ஒருமுறை 60 பாகை அளவான சுடுநீரில் அலசுவதும், தலையணைக்கு நெருக்கமான இழையுள்ள மூடுறை போடுவதும், மெத்தையை எரிவெயிலில் காயவைத்துத் தட்டுவதும் உதவும். தட்டுகிறவர் ஒவ்வாமைக்காரராக இருக்கக் கூடாது. வெள்ளத்தில் நனைந்த மெத்தையைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்துவது பூஞ்சணத்தோடு படுப்பதாகும். சூடடிக்கும் இயந்திரத்தின் பின்னாலும் அரிசி ஆலையிலும் வேலை செய்பவர் சேலைத் துண்டுக்குப் பதிலாகத் தூசி வடிகட்டும் முகக்கவசத்தை அணிய வேண்டும்.

மூக்கு ஸ்பிறே பலனளிக்கவில்லை என்பவர்களில் பலர் அதை அடிக்கும் முறையே வேறு. தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனியை நடுச்சுவரிலிருந்து விலக்கிக் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமாகும். இரண்டாம் நாளே கைவிடுவதால்தான் மருந்துக்குக் கெட்ட பெயர். ஸ்டீரொயிட் ஸ்பிறேக்கு நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் ஆதாரம் உண்டு. மதுவத்துக்கு அவ்வாறில்லை.

மூன்று மாதம் எடுத்தேன், நன்றாக இருக்கிறது. தொடர்ந்து எடுக்கலாமா?

நிறுத்திப் பாருங்கள். பூலார்டி குடலில் குடியேறுவதில்லை; நிறுத்திய இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் மலத்தோடு முற்றாக வெளியேறிவிடும். கலண்டரில் புள்ளியிடுவதைத் தொடர்ந்து, மற்ற மருந்துகளை மாற்றாமல், ஒரு மாதம் இல்லாமல் இருங்கள். பழைய நிலை திரும்பாவிட்டால் உங்களைச் சுகப்படுத்தியது வேறொன்று, காசு மிச்சம். திரும்பினால், அந்தக் கலண்டரையும் பொதியையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, தொடர்வதா என்று அவரோடு பேசி முடிவெடுங்கள்.